மூட்டைச் சுவர் கட்டிய இன்ஜினியர்
(லெப்டினன்ட் ஜான் சார்டின் வாழ்க்கை)



ஆண்டு மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் அண்ணன் கேட்டபோது, காந்தி, காமராஜர், விஸ்வேஸ்வரய்யா எல்லாரையும் மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது நான்தான். சரி, அதிகம் பேர் இங்கே எழுதாத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். இவர் பெரிய தலைவர் இல்லை. நம்மைப் போல ஒரு சிவில்காரர். படிப்பிலும் முதல் வரிசை இல்லை. ஆனாலும் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தவர். பெயர் ஜான் சார்ட்.

ஹாஸ்டல் டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுலு என்று ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டார்கள். 1964இல் வந்த படம். ஒரு சின்னக் கூட்டம் மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு பெரிய படையை எதிர்த்து நிற்கிறது. பசங்க எல்லாரும் சண்டையைப் பார்த்தார்கள். நான் மூட்டையைப் பார்த்தேன். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மறுநாளே லைப்ரரிக்குப் போய், டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

ஜான் சார்ட் 1847 டிசம்பர் 21ஆம் தேதி இங்கிலாந்தில் பிளிமத் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். ராணுவ இன்ஜினியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வுல்விச் அகாடமியில் படித்தார். அவர் செட்டில் 19 பேர், இவர் வாங்கிய இடம் 18. இதைப் படித்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மெக்கானிக்ஸில் நான் வைத்த அரியர் என் வகுப்புக்கே தெரியும்.

1868இல் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் லெப்டினன்ட் ஆனார். பெர்முடா தீவில் மூன்று வருஷம் கோட்டை வேலை. பிறகு மால்டாவில் கடலோரப் பாதுகாப்பு வேலை. செங்கல், கல், சுண்ணாம்பு, அளவு நாடா, இதுதான் அவருடைய ராணுவம். பத்து வருஷ சர்வீஸில் ஒரு சண்டைகூடப் பார்த்ததில்லை. பதவி உயர்வும் வரவில்லை. 31 வயதிலும் அதே லெப்டினன்ட்தான்.

இப்போது கொஞ்சம் சரித்திரம். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதி ஆங்கிலேயர் கையில் இருந்தது. அதை ஒட்டி ஜுலு மக்களின் சுதந்திர நாடு. செட்ஷ்வாயோ அதன் மன்னர். 1878 டிசம்பரில் ஆங்கிலேய அதிகாரிகள், அவர் ஏற்கவே முடியாத நிபந்தனைகளைப் போட்டு ஒரு இறுதி எச்சரிக்கை கொடுத்தார்கள். படையைக் கலைக்கச் சொன்னால் எந்த ராஜா ஒப்புக்கொள்வார்? அதைச் சாக்காக வைத்து 1879 ஜனவரி 11ஆம் தேதி செம்ஸ்ஃபோர்டு பிரபுவின் படை பஃபலோ ஆற்றைக் கடந்து ஜுலு நாட்டுக்குள் புகுந்தது. ஆகவே நியாயம் யார் பக்கம் என்று கேட்டால், தன் மண்ணைக் காத்த ஜுலுக்கள் பக்கம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமும் அதே ஆட்சியின் கீழ் இருந்தவர்கள்தானே.

படை ஆற்றைக் கடந்த இடத்துக்கு ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்று பெயர். டிரிஃப்ட் என்றால் ஆற்றைக் கடக்கும் துறை. ரோர்க் என்ற வியாபாரி அங்கே கட்டிய இரண்டு கூரைக் கட்டடங்கள் இருந்தன. படை முன்னே போனதும் ஒன்று ஆஸ்பத்திரி ஆயிற்று, இன்னொன்று ஸ்டோர். ஸ்டோரில் மக்காச்சோள மூட்டைகள், பிஸ்கட் பெட்டிகள். ஆற்றில் ஆட்களையும் வண்டிகளையும் கடத்த, கயிற்றில் இழுக்கும் இரண்டு தட்டைப் படகுகள். அந்தப் படகுகளைப் பழுது பார்த்து ஓட வைப்பதுதான் சார்டுக்குக் கொடுத்த வேலை. அவர் ஜனவரி 19ஆம் தேதிதான் அங்கே வந்து சேர்ந்தார்.

அங்கே இருந்தவர்களைப் பாருங்கள். படகு ரிப்பேருக்கு வந்த இன்ஜினியர், டாக்டர் ரெனால்ட்ஸ், ஸ்டோர் கணக்கு பார்க்கும் டால்ட்டன், டன் என்ற இரண்டு அதிகாரிகள், சமையல்காரர், 30க்கு மேற்பட்ட நோயாளிகள். காவலுக்கு லெப்டினன்ட் பிராம்ஹெட்டின் கீழ் ஒரே ஒரு கம்பெனி. எல்லாம் சேர்த்தால் சுமார் 150 பேர். இவர்களோடு நேட்டால் பகுதியின் ஆப்பிரிக்க வீரர்கள் நூற்றுக்கும் மேல் இருந்தார்கள். ராணுவக் கணக்கில் இது பின்தளம். சண்டை முன்னால் நடக்கும், பின்னால் இருப்பவன் சோறும் மருந்தும் அனுப்பினால் போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதனால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வேலிகூடப் போடவில்லை.

ஜனவரி 22ஆம் தேதி காலை, சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இசாண்டில்வானா மலையடியில் இருந்த முகாமுக்கு சார்ட் தன் ஆட்களோடு போனார். தூரத்துக் குன்றுகளில் ஜுலு படை நடமாடுவதைப் பார்த்தார். ஆட்களை உத்தரவுப்படி அங்கே விட்டுவிட்டுத் தான் மட்டும் துறைக்குத் திரும்பினார். அவர் திரும்பிய சில மணி நேரத்தில், சுமார் 20,000 ஜுலு வீரர்கள் அந்த முகாமைச் சுற்றி வளைத்தார்கள். அங்கே பள்ளம் தோண்டவில்லை, வண்டிகளை வட்டமாக நிறுத்தவும் இல்லை. ஆங்கிலேயர் தரப்பில் 1,300க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சார்ட் விட்டு வந்த ஆட்களும் அதில் போய்விட்டார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சார்ட் படகுகளுக்குப் பக்கத்தில் இருந்தார். மேலதிகாரி மேஜர், வர வேண்டிய ஒரு கம்பெனி ஏன் வரவில்லை என்று பார்க்க வேறு ஊருக்குப் போயிருந்தார். போகும்போது லிஸ்டைப் பார்த்து, சார்டின் சர்வீஸ் பிராம்ஹெட்டைவிட மூன்று வருஷம் மூத்தது என்பதால் பொறுப்பை இவரிடம் விட்டுப் போனார். ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கையில்தான். அப்போது இரண்டு பேர் குதிரையில் ஆற்றைக் கடந்து வந்தார்கள். முகாம் அழிந்தது, ஒரு படை இந்தப் பக்கம் வருகிறது என்று சொன்னார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். நம்மிடம் அந்தப் பொறுப்பு இருந்தால் என்ன செய்வோம்? ஓடுவோம். அங்கேயும் அந்த யோசனை வந்தது. நோயாளிகளை வண்டியில் ஏற்றிக் கிளம்பலாமா என்றார்கள். அப்போது டால்ட்டன் ஒரு கணக்குச் சொன்னார். இவர் முன்பு சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வயதில் மூத்தவர். மாட்டு வண்டி போகும் வேகம் என்ன, ஜுலு வீரன் ஓடும் வேகம் என்ன? வெட்டவெளியில் நோயாளிகளோடு மாட்டிக்கொண்டால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இங்கேயே நிற்பதுதான் வழி. சார்ட் துறையிலிருந்து மேலே வந்தபோது சுவர் வேலை ஆரம்பித்திருந்தது. அவர் சுற்றி வந்து பார்த்தார், சரி என்று ஒப்புக்கொண்டார், நேராக வேலையில் இறங்கினார். ஒரு படகுக்காரரும் ஒரு சார்ஜெண்டும் படகுகளை ஆற்றின் நடுவில் நிறுத்தி அங்கிருந்தே சண்டை போடத் தயார் என்றார்களாம். வேண்டாம் என்று அவர்களையும் மேலே கூட்டிக்கொண்டார். ஆள் பிரியக் கூடாது என்பது அவர் எண்ணம்.

சுவருக்கு என்ன பொருள்? செங்கல் இல்லை, கல் கட்ட நேரம் இல்லை. இருந்தது ஸ்டோர் சரக்குதான். ஒரு மக்காச்சோள மூட்டை சுமார் 90 கிலோ. ஒரு பிஸ்கட் பெட்டி சுமார் 50 கிலோ. ஆஸ்பத்திரியையும் ஸ்டோரையும் இணைத்து, மூட்டைகளால் சுமார் நாலடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். வடக்குப் பக்கம் இயற்கையாகவே ஒரு பாறைத் திட்டு இருந்தது. அதன் விளிம்பில் மூட்டைகளை அடுக்கியதால் வெளியே இருந்து வருகிறவனுக்குச் சுவர் இன்னும் உயரமாக நின்றது. தெற்குப் பக்கம் இரண்டு வண்டிகளை நிறுத்தி அவற்றையும் சுவரோடு சேர்த்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால் சைட் கண்டிஷனைப் பார்த்து, கிடைத்த மெட்டீரியலை வைத்துப் போட்ட பிளான்.

வேலை முடியும் சமயம், இசாண்டில்வானாவில் பிழைத்து வந்த குதிரை வீரர்கள் தோட்டா தீர்ந்து, களைத்துப் போய், நிற்காமல் கிளம்பிவிட்டார்கள். அதைப் பார்த்து அந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க வீரர்களும் தங்கள் கேப்டனோடு சேர்ந்து ஓடினார்கள். கேப்டன் வெள்ளைக்காரர்தான். ஒரே நிமிஷத்தில் ஆள் பலம் பாதிக்கு வந்துவிட்டது. சுவரின் நீளமோ அப்படியே இருக்கிறது.

இங்கேதான் சார்டின் இன்ஜினியர் மூளை வேலை செய்தது. இருக்கிற ஆட்களால் இவ்வளவு நீளச் சுவரைக் காக்க முடியாது என்று உடனே கணக்குப் போட்டார். பிஸ்கட் பெட்டிகளை எடுத்து, ஸ்டோரின் மூலையிலிருந்து வடக்குச் சுவர் வரைக்கும் குறுக்கே இன்னொரு சுவர் எழுப்பச் சொன்னார். வெளி வளைவு போனால் உள் வளைவு. அந்தக் குறுக்குச் சுவர் மட்டும் இல்லாவிட்டால் மறுநாள் காலையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் நாலரை மணி வாக்கில் ஜுலு படை வந்தது. மன்னரின் சகோதரர் தபுலமன்சி தலைமையில் 3,000 முதல் 4,000 பேர். நேட்டால் எல்லையைத் தாண்டக் கூடாது என்று மன்னர் சொல்லியிருந்தும் தாண்டி வந்தவர்கள் இவர்கள். மாட்டுத் தோல் கேடயம், ஈட்டி, சிலரிடம் பழைய துப்பாக்கி. சுவர் வரைக்கும் வந்து, மூட்டை மேல் ஏறி, துப்பாக்கிக் குழாயையே கையால் பிடித்து இழுத்தார்கள். அவ்வளவு தைரியம்.

ஆறு மணி சுமாருக்கு ஆஸ்பத்திரிக் கூரை தீப்பிடித்தது. சார்ட் எல்லாரையும் பிஸ்கட் பெட்டிச் சுவருக்குப் பின்னால் வரச் சொன்னார். ஆஸ்பத்திரி அறைகள் பலவற்றுக்கு உள்ளே கதவு கிடையாது. ஹுக், வில்லியம்ஸ் என்ற சாதாரணச் சிப்பாய்கள் உள்சுவரை இடித்து, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் நோயாளிகளை அடுத்த அறைக்கு இழுத்துப் போய், கடைசி ஜன்னல் வழியாக வெளியே இறக்கினார்கள். பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள், சிலரைக் காப்பாற்ற முடியவில்லை. ஸ்டோர் அதிகாரி டன், தலைக்கு மேல் குண்டு பறக்கும்போதே மிச்ச மூட்டைகளை வட்டமாக உயர அடுக்கிக் கடைசிக் காவல் மேடு ஒன்றைக் கட்டினார். அதற்குள் காயம்பட்டவர்களை வைத்தார்கள். டாக்டர் சண்டைக்கு நடுவிலேயே கட்டுப் போட்டார். டால்ட்டனுக்குத் தோளில் குண்டு பாய்ந்தது.

ராத்திரி முழுக்கச் சண்டை. எரியும் ஆஸ்பத்திரியின் வெளிச்சமே இவர்களுக்கு விளக்காயிற்று. விடியும்போது எல்லாம் ஓய்ந்தது. கையிருப்பில் இருந்த சுமார் 20,000 தோட்டாக்களில் சில நூறுகள்தான் மிச்சம். இந்தப் பக்கம் இறந்தவர்கள் 17 பேர். சுவரைச் சுற்றி எண்ணிப் புதைத்த ஜுலு உடல்கள் 351. காயம்பட்டுக் கிடந்த ஜுலு வீரர்களை மறுநாள் கொன்றார்கள் என்பதும் சரித்திரம். அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

இதிலிருந்து என்ன பாடம்? அடுத்த மார்ச் 12ஆம் தேதி இன்ட்டோம்பே என்ற ஆற்றங்கரையில் ஒரு சரக்கு வண்டிக் கூட்டம் தங்கியது. வண்டிகளை வி எழுத்து மாதிரி ஆற்றைப் பார்த்து நிறுத்தினார்கள். வண்டிக்கு வண்டி இடைவெளி. ஆற்றில் தண்ணீர் இறங்கியதும் கரையோரமும் திறந்துகொண்டது. நம்மை யார் தாக்கப் போகிறார்கள் என்ற அசட்டை. விடியற்காலையில் ஜுலுக்கள் உள்ளே புகுந்தார்கள். 60க்கு மேற்பட்ட படைவீரர்கள் செத்தார்கள். வண்டி இருந்தது, சரக்கு இருந்தது, ஆளும் இருந்தார்கள். இடைவெளியை அடைக்க மட்டும் யாரும் நினைக்கவில்லை. இசாண்டில்வானாவில் பெரிய படை அழிந்தது, ரோர்க்ஸ் டிரிஃப்டில் ஸ்டோர்காரர்கள் பிழைத்தார்கள். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு சுவர்தான். பின்னால் இருப்பவனை முன்னால் இருப்பவன் காப்பாற்றுவான் என்று நம்பி உட்காரக் கூடாது. முன்வரிசை உடைந்தால் அடுத்த முன்வரிசை நாமேதான்.

போன லீவில் இதை என் அப்பாவிடம் சொன்னேன். என் அப்பா மார்க்கெட் குடோனில் லோடுமேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் வருஷம் விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பா கதை முழுவதையும் கேட்டார். மூட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்தால்தான் அடுக்கு சரியாது, நேர் மேலே நேராக வைத்தால் ஒரு தள்ளில் விழும் என்று கையை வைத்துக் காட்டினார். நம்ம வகுப்பில் ஜாயின்டுக்கு மேல் ஜாயின்ட் வரக் கூடாது என்று பிரிக் ஒர்க்கில் சொல்லித் தருவது இதேதான்! அப்பா எந்த வகுப்பில் படித்தார்?

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தொண்ணூறு கிலோ மூட்டையை ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை தூக்கினது யாருடா என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. திரும்பப் போய்ப் படித்தேன். அந்தக் கம்பெனி ஆட்களும் தூக்கினார்கள். அவர்களோடு சேர்ந்து தூக்கியவர்கள், பிறகு ஓடிப்போனார்களே, அந்த ஆப்பிரிக்க வீரர்கள். அவர்கள் கை இல்லாமல் சுவர் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்காது. அவர்கள் படையில் பத்துப் பேருக்கு ஒரு துப்பாக்கிதான் கொடுத்திருந்தார்கள். மூட்டை சுமக்க எல்லாரும் வேண்டும், துப்பாக்கி மட்டும் பத்தில் ஒருவனுக்கு. அவர்கள் ஓடும்போது பின்னால் இருந்து சுட்டார்கள், ஒரு கார்ப்பரல் செத்தார். படத்தில் அவர்கள் கோழைகள். அப்பாவுக்கு அப்படித் தெரியவில்லை. கையில் ஒன்றும் கொடுக்காமல் நில்லு என்றால் எவன் நிற்பான் என்றார். அவர்கள் பெயர்கள் கௌரவப் பட்டியலில் இல்லை.

பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஒரு சண்டைக்கு 11 விக்டோரியா கிராஸ் விருது கொடுத்தார்கள். சார்டுக்கும் பிராம்ஹெட்டுக்கும் உடனே கிடைத்தது. முதலில் சுவர் யோசனை சொன்ன டால்ட்டன் பெயர் முதல் பட்டியலில் இல்லை. ஸ்டோர்காரர்தானே என்று நினைத்தார்களோ என்னவோ! பலர் எடுத்துச் சொன்ன பிறகு அந்த வருஷக் கடைசியில்தான் கொடுத்தார்கள். அவர் 1887இல் தென்னாப்பிரிக்காவிலேயே இறந்தார். டன்னுக்குப் பரிந்துரை போயும் கிடைக்கவில்லை.

சார்டை நேராக கேப்டன் ஆக்கி, மேஜர் அந்தஸ்தும் கொடுத்தார்கள். 1879 ஜூலை 4ஆம் தேதி உலுண்டியில் நடந்த கடைசிப் போரிலும் அவர் இருந்தார். ஆகஸ்டில் செட்ஷ்வாயோ பிடிபட்டார், அவர் நாட்டை 13 துண்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். இங்கிலாந்து திரும்பிய சார்டை விக்டோரியா மகாராணி அழைத்து நேரில் கதை கேட்டார். ஊர் ஊராக வரவேற்பு. ஆனால் சில பெரிய அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. மந்தமான ஆள், எதற்கும் லாயக்கில்லாதவர் என்று எழுதி வைத்தார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தன் அறிக்கையில் மற்றவர்கள் செய்ததைத்தான் அதிகம் எழுதினார். பிறகு சைப்ரஸ், சிங்கப்பூர் என்று பழையபடி கட்டட வேலைக்கே போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாக்கில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சை செய்தும் பலனில்லாமல், 1897 நவம்பர் 1ஆம் தேதி ஹேட்ச் போஷாம் என்ற கிராமத்தில் அண்ணன் தம்பி வீட்டில் காலமானார். வயது 49. 19 பேரில் 18ஆவது வந்தவர் கர்னலாகத்தான் கண்ணை மூடினார்.

தோழர்களே, நம்மில் நிறைய பேர் பின்வரிசைக்காரர்கள். டிகிரி இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார், சைட்டில் வெயிலில் நிற்பது டிப்ளமோ. ஸ்டோர் கீப்பர், சர்வேயர், சூப்பர்வைசர், இதுதான் நமக்குக் கிடைக்கப் போகும் வேலை. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பிரச்சினை வருகிற அன்றைக்கு, சுவர் எங்கே வேண்டும் என்று தெரிந்தவன் ஸ்டோரில் இருக்கலாம். எவ்வளவு நீளத்தைக் காக்க முடியும் என்று கணக்குப் போடுபவன் கடைசி பெஞ்சில் இருக்கலாம். சுவரைத் தூக்கி நிறுத்துகிறவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம்.

இந்த வருஷம் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, தந்தை தொழில் என்ற இடத்தில் சுமை தூக்கும் தொழிலாளி என்று தெளிவாக எழுதினேன். கையெழுத்தும் நன்றாகவே வந்தது.

 

– இறுதியாண்டு மாணவன், அமைப்பியல் துறை